மறு: ‘ரீஃப் சேஃப்’ மீன்களுக்கு ஒரு சொல் போதுமா?

வணக்கம்.

பவளம் வளர்க்கும் தொட்டியில் அதைக் கெடுக்காமல் வாழும் மீனை ஆங்கிலத்தில் ‘ரீஃப் சேஃப்’ என்கிறார்கள். அதற்கு நம் சொற்பட்டியலுக்காக வந்த ‘பவளப் பாதுகாப்பு மீன்’ என்ற பரிந்துரையைப் பார்த்தேன். எனக்கு ஒப்பவில்லை. கேட்டதும் பவளத்துக்குக் காவல் நிற்கும் மீன் என்றுதான் தோன்றுகிறது. நாம் சொல்ல வந்தது பவளத்தின் மேல் வாய் வைக்காத மீனை. ‘வாடாமல்லி’ போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் நமக்கு இருக்கிறதே, ‘பவளந்தீண்டா மீன்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் தீண்டும், தீண்டாது என்று இரண்டாகப் பிரித்தால் வண்ணத்துப்பூச்சி மீன்களுக்கு அது போதாது. அந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 130 இனங்கள் உண்டு, சாப்பாட்டில் ஒன்றுக்கொன்று ஒட்டாது. செவ்ரான் வண்ணத்துப்பூச்சி மீன் கடலில் அக்ரோபோரா பவளத்தையே நம்பி வாழ்வது. தொட்டியில் உறைந்த மைசிஸ் இறாலைப் போட்டால் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. வயிறு ஒட்டி, மெலிந்து செத்துப்போகும். இதைத்தான் ‘பவளந்தின்னி’ என்க வேண்டும். எறும்புதின்னி என்னும்போது அதன் பிழைப்பே எறும்புதான் என்பது தானாக விளங்குகிறதல்லவா, அதே பொருள் இங்கும் வந்துவிடும்.

ஆரிகா என்ற வண்ணத்துப்பூச்சி மீன் வேறு ரகம். புழு, கடற்சாமந்தி, பாசி என்று கிடைத்ததைத் தின்னும், நடுவில் பவளத்தையும் ஒரு கை பார்க்கும். இந்த நடுரகத்துக்குப் போன மடலில் வந்த ‘பவளங்கொறிப்பான்’ நல்ல சொல்தான். ஆனால் ‘கொறி’ என்றாலே எலியும் அணிலும் நினைவுக்கு வரும். இந்த மீன் பவளத்துக்கு நேர் எதிரே நின்று, கூர்மூக்கால் ஒரு பாலிப்பை (பவளத்தின் சின்னஞ்சிறு சதை உயிரை) வெடுக்கென்று பிடுங்கிவிட்டு அடுத்ததற்கு நகர்கிறது. சுண்ணக்கூட்டில் கீறல் விழாது. கிளிமீன் போலப் பாறையைச் சுரண்டும் வேலை இல்லை. அதனால் மரங்கொத்தி வழியில் ‘பவளங்கொத்தி’ என்கிறேன். மீன்கொத்தி மீனை முழுங்குகிறதே என்று யாராவது கேட்பீர்கள். கேளுங்கள், பரவாயில்லை!

கூடு உடையாததால் கொத்துவது அற்பம் என்று எண்ண வேண்டாம். ஓயாமல் கொத்துப்பட்ட பவளம் பகலிலும் பாலிப்பை உள்ளிழுத்துக்கொண்டே கிடக்கும். உள்ளே வாழும் நுண்பாசிக்கு வெளிச்சம் குறையும், பவளமும் நாளடைவில் நலியும். சொற்பட்டியலில் விளக்கம் எழுதுபவர் இதைச் சேர்த்துவிட்டால் நல்லது.

மிதவையுயிர்களைத் தின்னும் பிரமிட் வண்ணத்துப்பூச்சி மீனைத் தயங்காமல் பவளந்தீண்டா வகையில் போடலாம். அதே குடும்பத்து ஹெனியோகஸ் பேரினத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. கூட்டமாகத் திரியும் டிஃப்ரியூட்டஸ் பொதுவாகச் சாது. அச்சு அசலாக அதைப் போலவே இருக்கும் அக்யூமினேட்டஸை அப்படி நம்ப முடியாது. மூக்கு சற்றுக் குட்டையாக இருப்பது டிஃப்ரியூட்டஸ்.

இடிப்பது காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீன்தான். தொட்டியில் களைபோலப் பெருகும் ஐப்டேசியா என்ற கடற்சாமந்தியின் தொல்லைக்காகவே பலர் அதை வாங்கி விடுகிறார்கள். அது குழாய்ப்புழுக்களையும் சேர்த்துத் தின்னும். சதைப்பற்றான பவளத்தை ஒன்று தொடாது, அதே இனத்தில் இன்னொன்று விடாமல் கொத்தும். ஆகவே பட்டியலில் இதைப் பவளங்கொத்தி என்றே பதிவோம். தனி மீன் நல்லபிள்ளையாக இருந்தால் வளர்ப்பவருக்கு யோகம். தவிர, ‘பவளந்தீண்டா’ என்பது பவளத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. புழு, சிப்பி, இறால் இவற்றை விட்டுவைக்கும் மீனுக்கு இன்னொரு சொல் வேண்டும். அதற்கு என்னிடம் எதுவும் சிக்கவில்லை, யாரேனும் சொல்லுங்கள்.

அன்புடன்.