சரியாக ஒரு நொடி பிந்திய கடிகாரம்

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிடமிருந்து நேரத்தை வாங்கி மற்ற கணினிகளுக்குக் கொடுக்கும் சர்வர் ஒன்றை அமைத்தேன். ஆன்டெனா கூரை மேல் திறந்த வானத்தைப் பார்த்து நின்றது. ரிசீவர் பத்துக்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்களைப் பிடித்தது. நொடிக்கு ஒரு பல்ஸ் (மின்துடிப்பு), அதுதான் பிபிஎஸ், தவறாமல் வந்தது. கணினியின் கடிகாரத்தைச் சரிசெய்யும் குரோனி மென்பொருளும் பிழை ஒரு மைக்ரோநொடிக்குக் கீழே என்றது. கேபிள் தாமதத்தைக்கூட விடவில்லை. மீட்டருக்கு சுமார் 5 நானோநொடி, 30 மீட்டருக்கு 150 என்று கணக்கிட்டுச் சேர்த்திருந்தேன்.

மறுநாள் வெளியே உள்ள இரண்டு நேர சர்வர்களோடு ஒப்பிட்டேன். என் கடிகாரம் ஒரு முழு நொடி பின்தங்கியிருந்தது.

காரணம் பிடிபட இரண்டு நாள் ஆயிற்று. நொடி எப்போது தொடங்குகிறது என்று பல்ஸ் சொல்லும். அது எந்த நொடி என்று சொல்லாது. அதைச் சொல்ல சீரியல் இணைப்பு வழியே என்எம்இஏ வரிகள், அதாவது ரிசீவர் எழுத்தாக அனுப்பும் தகவல்கள், பின்னால் வர வேண்டும். 9600 பாட் வேகத்தில் நொடிக்கு சுமார் 960 எழுத்துதான் போகும். என் ரிசீவரோ இடம், செயற்கைக்கோள் விவரங்களைத் தரும் ஜிஜிஏ, ஜிஎஸ்ஏ, ஜிஎஸ்வி வரிகள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கடைசியில்தான் தேதியும் நேரமும் உள்ள ஆர்எம்சி வரியை அனுப்பியது. அது வந்து சேர்வதற்குள் அரை நொடி தாண்டிவிடும். அப்புறம் வரும் பல்ஸுக்கு முந்தைய நொடியின் பெயர் ஒட்டிக்கொள்ளும். பல்ஸ் அவ்வளவு துல்லியமாக இருந்ததால் சந்தேகமே வரவில்லை.

ஆர்எம்சி தவிர மற்ற வரிகளை நிறுத்தினேன். வேகத்தை 115200 ஆக்கினேன். மிச்சமிருந்த தாமதத்தை வெளி சர்வர்களோடு ஒரு நாள் முழுக்க ஒப்பிட்டு அளந்து, குரோனியின் கட்டமைப்பில் ஆஃப்செட்டாக, அதாவது ஈடுசெய்யும் திருத்தமாக, எழுதினேன். சரியாகிவிட்டது. புதிதாக அமைப்பவர்கள் நானோநொடியைப் பார்ப்பதற்கு முன் முழு நொடியைச் சரிபாருங்கள். வெளி சர்வர் ஒன்றையாவது கட்டமைப்பில் எப்போதும் வைத்திருங்கள்.

*

உங்கள் பதிவைப் படித்தேன். உங்களுக்கு ஒரு நொடி பிந்தியது, எனக்கு இரண்டு நொடி முந்தியது. அதுவும் மின்சாரம் போய் வந்தால் மட்டும். சில நிமிடங்களில் தானாகவே சரியாகிவிடும். அதனால்தான் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆனது.

ஜிபிஎஸ் நேரம் 1980 ஜனவரி 6-இல் தொடங்கியது. பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலகப் பொது நேரமான யுடிசியில் அவ்வப்போது சேர்த்த லீப் நொடிகளை அதில் சேர்ப்பதில்லை. 2017 தொடக்கத்திலிருந்து அது யுடிசியைவிட 18 நொடி முன்னே ஓடுகிறது. இந்த வித்தியாசத்தைச் செயற்கைக்கோள் 12.5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் அனுப்பும். என்னுடையது பழைய ரிசீவர். அதன் நினைவில் பதிந்திருந்தது 16. புதிய எண் வரும்வரை அதையே கழித்து இரண்டு நொடி முன்னால் காட்டும். அதைக் கேட்டு மற்ற கணினிகள் முன்னே குதித்துப் பிறகு பின்னே வரும். பதிவேடுகளில் எது முன்னால் நடந்தது என்றே தெரியாமல் போகும்.

இப்போது ரிசீவர் தொடங்கி 15 நிமிடம் ஆகும்வரை என் சர்வர் யாருக்கும் நேரம் கொடுப்பதில்லை.

*

அந்த 15 நிமிடத்தை நானும் இன்றே சேர்க்கிறேன், நண்பரே. என்னுடையதும் பழைய ரிசீவர்தான். ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்து, அதன் நினைவில் எந்த எண் இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.