பின்னறையில் நான்கு குட்டிகள், சீறும் தாய்ப்பூனை: எதை முதலில் செய்ய வேண்டும்?

கேட்டவர்: பரண்வாசி

வணக்கம். வீட்டின் பின்புறம் தட்டுமுட்டுச் சாமான்கள் போட்டு வைத்திருக்கும் அறையில் தெருப்பூனை ஒன்று நான்கு குட்டிகளை ஈன்றிருக்கிறது. எப்போது ஈன்றது என்று தெரியவில்லை. குட்டிகளின் காதுகள் நிமிர்ந்துவிட்டன. கண்கள் இன்னும் நீலமாகவே இருக்கின்றன. அட்டைப்பெட்டியின் விளிம்பில் ஏறி, உருண்டு விழுந்து, மறுபடியும் ஏறுகின்றன. நான் கதவைத் திறந்தவுடன் தாய் காதுகளைப் பின்னுக்குச் சாய்த்துச் சீறுகிறது. அதைப் பார்த்துச் சாம்பல் நிறக் குட்டி ஒன்றும் சீறப் பழகியிருக்கிறது. இவை தவிர, மாலை நேரத்தில் மதிலோரமாக மூன்று பெரிய பூனைகள் வந்துபோகின்றன. அவற்றுள் ஒன்று கன்னம் புடைத்த கடுவன்.

குட்டிகளுக்கு நல்ல வீடு தேடிக் கொடுக்க விரும்புகிறேன். தாயையும் பழக்கிவிட முடியுமா என்பது என் ஐயம். பக்கத்து வீட்டார் எல்லாவற்றையும் பிடித்துத் தொலைவில் கொண்டுபோய் விடச் சொல்கிறார். உணவு வைப்பதை நிறுத்தினாலே போய்விடும் என்று வேறொருவர் சொல்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: கூண்டும் போர்வையும்

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் குட்டிகளுக்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகியிருக்கலாம். பிறந்த குட்டி ஏறத்தாழ 100 கிராம் இருக்கும். 7 முதல் 14 நாள்களுக்குள் கண் திறக்கும். மூன்றாவது வாரத்தில் தள்ளாடி நடக்கும். ஆறேழு வாரங்களில் கண்ணின் நீலம் மங்கி உரிய நிறம் வரத் தொடங்கும். தராசில் வைத்துப் பார்க்க முடிந்தால் இன்னும் உறுதியாகச் சொல்லலாம். மாதத்துக்குச் சுமார் 450 கிராம் என்பது கணக்கு.

வயதைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. மனிதரைக் கண்டு அஞ்சாமல் இருக்கப் பூனைக்குட்டி கற்றுக்கொள்ளும் பருவம் இரண்டாவது வாரத்தில் தொடங்கி, ஏழாவது வாரத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் பழக்கலாம் என்றாலும் வாரத்துக்கு வாரம் உழைப்பு கூடிக்கொண்டே போகும். நான்கு மாதம்வரை மனிதக் கை படாமல் வளர்ந்த குட்டி பின்னாளில் மடியில் வந்து உட்காருவது அரிது. ஆகவே, "இன்னும் கொஞ்சம் வளரட்டும்" என்று காத்திருப்பது உங்கள் விஷயத்தில் உதவாது.

அதற்காகக் குட்டிகளை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். முதலில் பிடிக்க வேண்டியது தாயைத்தான். குட்டிகளைப் பிரித்த சில வாரங்களிலேயே அது மீண்டும் பருவத்துக்கு வந்துவிடும்; பாலூட்டிக்கொண்டிருக்கும்போதே சினைப்படும் பூனைகளும் உண்டு. சினைக்காலம் இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். இந்த நான்குக்கும் வீடு பார்த்து முடிப்பதற்குள் அடுத்த ஈற்று அதே அறையில் கிடக்கும். தாயைக் கருத்தடை செய்யாமல் குட்டிகளுக்கு மட்டும் வீடு தேடுகிறவர்களின் வேலை எந்நாளும் தீர்வதில்லை என்பதைப் பலரிடம் பார்த்துவிட்டேன்.

தாயைப் பிடிக்க, அது மிதித்தால் கதவு மூடிக்கொள்ளும் பொறிக்கூண்டு வேண்டும். வெறுங்கையால் முயலாதீர்கள். சில நாள்கள் கூண்டின் கதவைத் திறந்த நிலையில் கட்டிவைத்து, உள்ளேயே உணவு வையுங்கள். தகரத்தின் மீது கால் வைக்கப் பழகட்டும். பிடிக்கும் நாளில், குட்டிகளை ஒரு சிறிய கம்பிக்கூடையில் இட்டு, அந்தக் கூடையைப் பொறியின் பின்முனையோடு ஒட்டி வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரே போர்வையால் மூடி, பொறியின் வாயை மட்டும் திறந்து விடுங்கள். குட்டிகளின் குரல் கேட்டு வரும் தாய்க்கு அவற்றிடம் போகும் வழி கூண்டுக்குள்தான் இருப்பதாகத் தோன்றும். கதவு விழுந்த அடுத்த நொடியில் முன்புறத்தையும் போர்வையால் மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் கம்பியில் மோதி மூக்கையும் நகத்தையும் கிழித்துக்கொள்ளும்; இருட்டானதும் அடங்கிவிடும். பொறியை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகவே கூடாது.

தாய் பழகுமா என்ற கேள்விக்கு இப்போதே விடை சொல்ல இயலாது. குட்டியோடு இருக்கும் வீட்டுப்பூனைகூடச் சீறத்தான் செய்யும். குட்டிகளைப் பிரித்த பிறகு அது உங்கள் கண்ணை நிமிர்ந்து பார்த்தாலோ, உங்களை நோக்கிக் குரல் கொடுத்தாலோ, முன்பு யாரோ வளர்த்துக் கைவிட்ட பூனையாக இருக்கக்கூடும். நாள்கள் பல ஆகியும் ஓசையே இல்லாமல் மூலையில் ஒடுங்கிக் கிடந்தால், அது பெரும்பாலும் மனிதரோடு வாழாத பூனையாக இருக்கும். அதைக் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவதுதான் அதற்குச் செய்யும் நன்மை.

பதில்: ஊசிமருந்து

கால்நடை மருத்துவப் பணியில் இருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். குட்டிகள் தாமாகவே ஈர உணவை உண்ணத் தொடங்கிய பிறகு தாய்க்கு அறுவைச் சிகிச்சை செய்வது நல்லது. அறுவைக்குப் பிறகும் பால் சுரக்கும் என்பதால், மயக்கம் முழுவதும் தெளிந்ததும் குட்டிகளோடு சேர்த்துவிடலாம். ஆகவே பாலூட்டும் பூனை என்பதை மருத்துவமனையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல்நாள் இரவு தாய்க்கு உணவு கூடாது. ஆனால் சின்னக் குட்டிகளை அவ்வாறு பட்டினி போட்டால் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடும். குட்டிகளுக்கே கருத்தடை செய்வதற்கு எட்டு வாரமும் சுமார் ஒரு கிலோ எடையும் போதும் என்று பல மருத்துவமனைகள் ஏற்கின்றன.

பசும்பால் கொடுக்காதீர்கள், வயிற்றுப்போக்கில் குட்டி இரண்டே நாளில் வற்றிவிடும். பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கப்படும் பால்மாவு இருக்கிறது. புட்டியில் பால் கொடுக்க நேர்ந்தால் குழந்தையைப் போல மல்லாத்திப் பிடிக்காமல், வயிறு தரையைப் பார்க்கும்படி வைத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். உடல் குளிர்ந்து கிடக்கும் குட்டிக்குச் சூடேற்றிய பிறகே உணவு.

தெள்ளுப்பூச்சி மொய்த்திருந்தால் சிறு குட்டிக்கு இரத்தசோகை வரும். அதற்காக நாய்களுக்கான தெள்ளு மருந்தைத் தடவுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவற்றில் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். காய்ச்சலுக்கென்று நாம் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமாலும் அப்படித்தான். வீட்டில் வேறு பூனை இருந்தால் இக்குட்டிகளை இரண்டு வாரமாவது தனி அறையில் வையுங்கள், ஏனெனில் பூனைப் பார்வோ எனப்படும் வைரஸ் துணியிலும் செருப்பிலும் ஒட்டி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். முதல் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வார இடைவெளியில் தொடர வேண்டும்.

கடி பட்டால் உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் செல்லுங்கள். பூனையின் பல் மெல்லியது. மேலே சிறு புள்ளிதான் தெரியும், கிருமி ஆழத்தில் தங்கிவிடும். ரேபிஸ் அச்சமும் உண்டு.

பதில்: சிட்டுக்கூடு

மேலே சொல்லப்பட்டவற்றை மறுக்கவில்லை. ஆனாலும், பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவதை எல்லாருக்கும் நன்மை என்று சொல்லிவிட முடியாது. கருத்தடை செய்த பூனையும் வேட்டையாடத்தான் செய்கிறது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி இனங்களின் பட்டியலில் வீட்டுப்பூனையும் இருக்கிறது. நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெருகிய பூனைகள், பறக்க இயலாத சிறு குருவி இனம் ஒன்றையே இல்லாமல் செய்துவிட்டன. தரையில் கூடு கட்டும் பறவைகள் வாழும் நீர்நிலையோ புதர்க்காடோ அருகில் இருந்தால், திரும்ப விடுவதற்கு முன் இருமுறை சிந்தியுங்கள். குட்டிகளை வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்ப்பவர்களுக்கே கொடுங்கள்.

பதில்: கூண்டும் போர்வையும்

சிட்டுக்கூடு அவர்களின் கவலை நியாயமானது. காப்புக்காடுகளின் அருகிலும் தீவுகளிலும் நானும் திரும்ப விடச் சொல்ல மாட்டேன். வீடுகள் நெருங்கிய இடத்தின் நிலை வேறு. அங்கே பூனைகளை அப்புறப்படுத்தினால், உணவும் மறைவிடமும் அப்படியே இருப்பதால் சில மாதங்களில் வேறு பூனைகள் வந்து அமர்ந்துகொள்கின்றன. தொலைவில் விடப்பட்ட பூனையோ அறியாத இடத்தில் தண்ணீர் எங்கே, ஒதுங்க இடம் எங்கே என்று தெரியாமல், அங்குள்ள பூனைகளிடம் அடிபட்டு, பெரும்பாலும் பழைய இடத்தைத் தேடிச் சாலைகளைக் கடக்க முயன்று சாகிறது. பக்கத்து வீட்டாரிடம் இதைச் சொல்லும்போது இரக்கத்தைப் பற்றிப் பேச வேண்டாம். அவருக்குத் தொல்லை தருவது கடுவனின் இரவுச் சண்டையும் சிறுநீர் நாற்றமும்தான். கருத்தடைக்குப் பிறகு சில வாரங்களில் அவை இரண்டும் பெருமளவு குறைந்துவிடும் என்று சொல்லுங்கள், கேட்பார்.

உணவை நிறுத்துவதும் தீர்வாகாது. பசித்த பூனை குப்பையைக் கிளறும். பொறிக்குள் எப்போது வரும் என்றும் கணிக்க முடியாமல் போகும். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வைத்து, அரைமணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். எத்தனை பூனைகள் வருகின்றன என்ற கணக்கும் அதிலேயே கிடைக்கும். ஒரு கூட்டத்தில் பத்துக்கு ஏழுக்கு மேல் கருத்தடை செய்தால்தான் எண்ணிக்கை குறையத் தொடங்கும் என்பார்கள். உங்களிடம் இருப்பது தாயோடு சேர்த்து நான்கு பெரிய பூனைகள் என்பதால் நான்கையும் முடித்துவிடுங்கள். மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியைச் சற்று நறுக்கிவிடச் சொல்லுங்கள். கருத்தடை ஆன பூனை என்பதற்கு அதுவே அடையாளம்; மறுபடியும் பிடித்து வயிற்றைக் கிழித்துப் பார்க்கும் கொடுமை நேராது.

பதில்: திண்ணை

வீடு தேடுவதைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் கண்டவரை, "அழகான குட்டிகள், இலவசம்" என்று எழுதினால் ஆள் உடனே கிடைப்பார். ஆனால் அவசரத்தில் வாங்குகிறவர் அவசரத்திலேயே விட்டுவிடுவார். ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனியாக, கண்மட்டத்தில் எடுத்த படத்தோடு, அதன் குணத்தை எழுதுங்கள். எது மடியில் தூங்கும், எது திரைச்சீலையில் தொங்கும் என்பதை மறைக்காமல் எழுதினால் அந்தக் குணத்தை விரும்புகிறவரே வருவார்.

கேட்டு வருகிறவரிடம் வீடு சொந்தமா வாடகையா, வாடகை என்றால் உரிமையாளர் ஒப்புக்கொண்டாரா, சன்னலுக்கு வலை இருக்கிறதா, வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார், முன்பு வளர்த்த பூனை என்ன ஆயிற்று என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் விடையில் மனிதரைப் பாதி அறிந்துகொள்ளலாம். லில்லிச் செடி வளர்ப்பவராக இருந்தால் எச்சரியுங்கள். அதன் மகரந்தத்தை நக்கினால்கூடப் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும். எட்டு வாரத்துக்கு முன் கொடுக்க வேண்டாம்; முடிந்தால் இரண்டிரண்டாகக் கொடுங்கள். தனியாக வளரும் குட்டி, விளையாடத் துணையில்லாமல் மனிதரின் கணுக்காலைக் கடித்தே பழகும். கருத்தடை செய்த பிறகே கையளிப்பது சிறந்தது. "வளர்ந்ததும் செய்துவிடுகிறோம்" என்ற உறுதிமொழியை நான் நம்புவதில்லை.

பரண்வாசி மீண்டும் எழுதியது

அனைவருக்கும் நன்றி. தாயைப் பிடித்து அறுவையும் முடிந்துவிட்டது. போர்வை உத்தி சொன்னபடியே பலித்தது. குட்டிகள் இப்போது உள்ளறையில் இருக்கின்றன. மூன்று குட்டிகள் 650 கிராமைத் தாண்டிவிட்டன, கையில் வைத்தால் சுகமாகக் குர்ரென்று ஒலியெழுப்பிக்கொண்டே தூங்குகின்றன. சாம்பல் குட்டி மட்டும் 510 கிராம்தான். நான் நுழைந்தால் மற்றவற்றின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சீறுகிறது. அதை என்ன செய்வது?

பதில்: ஊசிமருந்து

முதலில் எடையைப் பாருங்கள், குணத்தைப் பிறகு பார்க்கலாம். ஒரே ஈற்றில் இவ்வளவு வேறுபாடு இருந்தால் குடற்புழு காரணமாக இருக்கலாம். எடைக்கேற்ற அளவில் மருந்து வாங்கிக் கொடுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதிவையுங்கள். ஒருநாள் கூடாமல் நின்றாலோ குறைந்தாலோ மறுநாளுக்குக் காத்திராமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

பதில்: கூண்டும் போர்வையும்

உடல்நலம் சரியாக இருந்தால் அதை மற்ற மூன்றிடமிருந்து பகலில் பிரித்து, உங்கள் மேசைக்கு அருகே ஒரு சிறு கூண்டில் வையுங்கள். ஒளிந்துகொள்ள முதுகு இல்லாதபோதுதான் உங்களை நிமிர்ந்து பார்க்கும். அதன் உணவு இனி தட்டில் வரக்கூடாது. கூழாக்கிய இறைச்சியை நீளமான கரண்டியின் நுனியில் நீட்டுங்கள். முதலில் சீறும், பிறகு சீறிக்கொண்டே நக்கும், பிறகு நக்குவது மட்டும் இருக்கும். அந்த நிலையில் மற்றொரு கையால் கன்னத்தையும் காதின் பின்புறத்தையும் தொடுங்கள். தலைக்கு மேலிருந்து கையை இறக்க வேண்டாம். இரவில் உடன்பிறப்புகளோடு விட்டுவிடலாம்.

உங்களிடம் அடங்கிவிட்டது என்பதற்காக உடனே விளம்பரம் செய்யாதீர்கள். இந்த மாதிரிக் குட்டி ஒரே ஆளுக்கு மட்டும் பழகி, புதிய வீட்டில் கட்டிலடியில் போய்ப் படுத்துவிடும். வீட்டுக்கு வருகிற வேறு இரண்டு மூன்று பேரும் அதே கரண்டியால் ஊட்டட்டும். முன்பின் தெரியாத ஒருவரின் கையிலிருந்து அது உண்ட பிறகு, துணிச்சலான ஓர் உடன்பிறப்போடு சேர்த்து, பூனை வளர்த்துப் பழகியவருக்குக் கொடுங்கள்.