பஸ் நிற்கும் இடமும் நாம் குடியிருக்கும் இடமும்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் எழுதிய அனுபவங்கள்

ஜூஜுவாடி வாசி

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு மற்றதெல்லாம் தெரியும். புரோக்கர், அட்வான்ஸ், தண்ணீர் லாரி எல்லாவற்றையும் தாண்டிவிடுகிறேன். ஒரு வீட்டு உரிமையாளர் சொன்னது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

அவர் வீட்டுக் கதவைத் திறக்கவே இல்லை. நேராக மொட்டை மாடிக்கு அழைத்துப் போய்க் கையை நீட்டினார். "அந்த டீக்கடை தெரிகிறதா தம்பி? கம்பெனி பஸ் அங்கேதான் நிற்கும். ஹாரன் கேட்ட பிறகு செருப்பு மாட்டினால் போதும்." பிறகு வாடகையைச் சொன்னார். இரண்டு தெரு தள்ளி இதே அளவு வீட்டுக்குக் கேட்டதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஏன் என்றேன். "வீட்டுக்கு அவ்வளவுதான் தம்பி. மீதி பஸ்ஸுக்கு."

பஸ் அவருடையதா? சாலை அவருடையதா? கம்பெனி நாளைக்கே தடத்தை மாற்றினால் வாடகையைக் குறைப்பீர்களா என்று கேட்டேன். சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே சிரித்தார். இரண்டு தெரு தள்ளியே குடிபோனேன். நள்ளிரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது நாய்கள் துரத்தும். துரத்தும் ஒவ்வொரு முறையும் அந்தச் சிரிப்புதான் நினைவுக்கு வருகிறது.

மொரப்பூர் இறங்கி

சென்னைக்கு ரயில் ஏற வேண்டுமென்றால் தருமபுரிக்காரர்கள் மொரப்பூருக்குத்தான் போக வேண்டும். ஜோலார்பேட்டை–சேலம் பாதை மாவட்டத் தலைநகரைத் தொடாமலே போய்விடுகிறது. 1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய அகல (நேரோ கேஜ்) ரயில் பாதை ஒன்று போட்டார்கள், பிறகு அது ஓசூர் வரை நீண்டது, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடிவிட்டார்கள். மறுபடி 36 கிலோமீட்டர் போடுவதற்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். அந்தக் கதை இருக்கட்டும்.

இரவு வண்டியில் வந்து இறங்கினேன். ஒரே ஒரு ஆட்டோ. நான்கு பேர் சேர்ந்தால்தான் தருமபுரிக்கு எடுப்பேன் என்றார். நான், தேர்வு எழுதப் போகும் ஒரு பெண், அவளுடைய அப்பா, ஆக மூன்று பேர். நான்காவதாக இறங்கிய பெரியவர் போக வேண்டியதோ அரூருக்கு. நேர் எதிர்த் திசை! ஆட்டோக்காரர் அசரவில்லை. "தருமபுரிக்கு வாருங்கள் ஐயா, அங்கிருந்து விடியற்காலையில் அரூருக்கு பஸ் நிறைய இருக்கிறது" என்று அவரிடம் பேரம் பேசத் தொடங்கிவிட்டார். அந்தப் பெரியவர் உண்மையிலேயே யோசித்தார். மூட்டையைத் தோளில் வைப்பதும் இறக்குவதுமாக நின்றார். அந்தப் பெண் கையில் நுழைவுச்சீட்டை வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷனுக்கு எதிரே இருட்டில் தெரிந்தது சீமைக்கருவேலமும் மனைப்பிரிவுக் கற்களும்தான். சென்னை ரயில் நிற்கிற இடம் இது. நடந்து போகும் தூரத்தில் ஒரு நூறு வீடுகளும் ஒரு தொழிற்கூடமும் இருந்தால் அந்த நேரத்திலும் பஸ் இருக்கும், இல்லையா?

நாலு ரோடு மனை

முதலில் எழுதிய ஜூஜுவாடி நண்பருக்கு: அந்த உரிமையாளரைத் திட்டி என்ன பயன்? அந்த டீக்கடையைச் சுற்றி இன்னும் நான்கு மாடி வீடுகள் இருந்திருந்தால் அவர் அந்த வாடகை கேட்டிருக்க முடியுமா? பஸ் நிற்கும் இடத்தில் வீடுகள் குறைவு, அதனால் விலை கூடுகிறது. குறைவாக இருப்பது ஏன் என்று என்னைப் போல மனை வைத்திருப்பவனைக் கேளுங்கள்.

தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் தாத்தா விட்டுப்போன இடம். மேலே மேலே கட்டி வாடகைக்கு விடலாம் என்று சர்வேயரை அழைத்து வந்தேன். அவர் மனையை அளக்கவில்லை, தெருவை அளந்தார். டேப்பின் நுனி எதிர்வீட்டுப் படிக்கட்டில் முட்டியது. அந்த வீட்டம்மா வெளியே வந்து, "கோலத்தை மிதிக்காமல் அளங்கள்" என்றார். சர்வேயர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே கணக்கு முடிந்துவிட்டது.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தன. சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 2, அதாவது மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு தளம். உயரமான கட்டடத்துக்கு 3.25 வரை போகலாம், அதற்கு 18 மீட்டர் சாலை வேண்டும். அரசுக்குக் கட்டணம் கட்டிக் கூடுதல் தளம் வாங்கலாம் என்றாலும் அதுவும் சாலை அகலத்தைப் பொறுத்ததுதான்: 18 மீட்டருக்கு மேல் 50 சதவீதம், 12-க்கு மேல் 40, 9-க்கு மேல் 30. 9-க்குக் கீழே கிடையாது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள பழைய தெருக்கள் எத்தனை மீட்டர் என்று நீங்களே நடந்து பாருங்கள். அகலச் சாலை எங்கே இருக்கிறது? பைபாஸில். அங்கே டவுன் பஸ் எங்கே நிற்கிறது? தீயணைப்பு வண்டி நுழைய அகலம் வேண்டும் என்பார்கள், அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் நம் ஊரில் விதி சாலையைப் பார்க்கிறதே தவிர, பஸ் எத்தனை அடி தூரத்தில் நிற்கிறது என்று பார்ப்பதில்லை. உரிமையாளரின் சிரிப்பைவிட இதுதான் பெரிய விஷயம்.

ஜூஜுவாடி வாசி

மாடி கட்டினாலும் "மீதி பஸ்ஸுக்கு" என்று ஒவ்வொரு மாடிக்கும் கேட்பார். அவரை நீங்கள் பார்த்ததில்லை.

அரூர்ப் பெண்

போச்சம்பள்ளி சிப்காட்டில் வேலை கிடைத்த புதிதில் நடந்தது. அரசின் விடியல் பயணத் திட்டத்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் அது சாதாரண டவுன் பஸ்ஸில் மட்டும்தான். அன்று முதலில் வந்தது மொபசல் பஸ், அதாவது வெளியூர் பஸ். கூட்டத்தில் ஒரு அம்மா அவசரமாக ஏறிவிட்டார். கையில் தூக்குச்சட்டி, ஆலை அடையாள அட்டை கழுத்தில். கண்டக்டர் டிக்கெட் கேட்டார். "நாங்கள் எல்லாம் இலவசம் இல்லையா?" "அது பிங்க் டவுன் பஸ்ஸில் அம்மா. இதில் காசு." அவர் கட்டணத்தைக் கேட்டு, விரல்களை மடக்கி எதையோ கணக்குப் போட்டார். போக வர, மாதம் முழுக்க என்று போட்டிருப்பார். பிறகு, "நிறுத்துங்கள்" என்றார். நடுவழியில், நிழற்குடை கூட இல்லாத இடத்தில் இறங்கிக்கொண்டார். ஷிஃப்டுக்கு அவர் வந்தாரா என்று நான் கேட்கவே இல்லை. அதே லைனில் வேலை செய்தாரா என்றும் தெரியாது.

எங்களுடன் இருந்தவர்களில் பாதிப் பேர் ஓசூர் பக்கத்து ஆலைகளுக்கு மாறிவிட்டார்கள். அங்கே பெண்களுக்கு விடுதி கொடுக்கிறார்கள். படுக்கைக்கும் வேலைக்கும் நடுவே தூரம் இல்லை. ஒரு சோப்பு வாங்க வேண்டுமென்றால்கூட விடுமுறை நாள் வரை காத்திருக்க வேண்டும் என்று ஒருத்தி சொன்னாள்.

பாலக்கோடு தக்காளி

சூளகிரி பக்கம் மனை பார்க்க வேனில் அழைத்துப் போனார்கள். சாப்பாடு இலவசம், அதனால்தான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது! நோட்டீஸில் கொட்டை எழுத்தில் "மெட்ரோவிலிருந்து 15 நிமிடம்". 2025 ஆகஸ்டில் பெங்களூரு மஞ்சள் பாதை ஆர்.வி. ரோடிலிருந்து பொம்மசந்திரா வரை திறந்தார்கள், சரி. பொம்மசந்திரா கர்நாடகத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஓசூருக்கு நீட்டுவது பற்றிச் சாத்தியக்கூறு ஆய்வுதான் நடந்தது. அதற்கப்பால் ஓசூரிலிருந்து சூளகிரிக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"எந்த வண்டியில் 15 நிமிடம்?" என்று கேட்டேன். வேனில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். ஏஜென்ட் கொஞ்சமும் கூசாமல், "மெட்ரோ இங்கே வந்த பிறகு சார்" என்றார். பின் இருக்கையிலிருந்து ஒரு பாட்டி, "அப்புறம் 15 நிமிடம் எதற்கு? வாசலிலேயே நிற்குமே" என்றார். அதற்குப் பிறகு அந்த வேனில் வியாபாரம் நடக்கவில்லை. பிரியாணி நன்றாகத்தான் இருந்தது.

ஓய்வுபெற்ற கண்டக்டர், கிருஷ்ணகிரி

எல்லாருடைய பதிவையும் படித்தேன். என்னுடையது சின்னதுதான். பணி ஓய்வுக்குப் பிறகு பெங்களூரிலிருந்து ஒரு தனியார் பஸ்ஸில் வந்தபோது ஊருக்குள் போகாமல் பைபாஸ் மேம்பாலத்தின் அடியிலேயே இறங்கச் சொன்னார்கள். எத்தனையோ பயணிகளை ஊருக்குள் கொண்டுபோய் இறக்கியவன் நான். லாரி வெளிச்சத்தில் சாலையைக் கடக்க நின்றபோது, கிளீனர் பையன் "பார்த்துப் போ தாத்தா" என்றான். அது போகட்டும்.

வீடு தேடும் பிள்ளைகளுக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன். புரோக்கரிடம் பஸ் வசதி கேட்காதீர்கள். டிப்போவுக்குப் போய் அந்தத் தடத்தில் ஓடும் டிரைவரிடம் கேளுங்கள், கடைசி வண்டி உண்மையில் ஓடுகிறதா, கூட்டம் இல்லாவிட்டால் பாதியிலேயே திரும்பிவிடுகிறதா என்று அவருக்குத்தான் தெரியும். வீட்டைப் பகலில் பார்க்காதீர்கள். இரவு ஷிஃப்ட் முடியும் நேரத்தில் நிறுத்தத்திலிருந்து வீடு வரை நடந்து பாருங்கள், விளக்கு எங்கே இல்லை, நாய் எங்கே இருக்கிறது என்று தெரியும் (ஜூஜுவாடித் தம்பி கவனிக்கவும்). நிறுத்தம் நெடுஞ்சாலையின் எந்தப் பக்கம் என்று பாருங்கள். போகும்போது இந்தப் பக்கம் ஏறினால் வரும்போது எதிர்ப்பக்கம்தான் இறங்குவீர்கள், நடுவே தடுப்புச் சுவர் இருந்தால் சுரங்கப்பாதை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கேளுங்கள். கிருஷ்ணகிரி ஊருக்கு ரயில் கிடையாது, ஆகவே இங்கே எல்லாம் பஸ்தான், ஊரைச் சுற்றித் தேசிய நெடுஞ்சாலைகள் கூடுவதால் பஸ் எண்ணிக்கை அதிகம், ஆனால் அதில் பாதி உங்களுக்காக நிற்காது. எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். கம்பெனி பஸ்ஸை நம்பி ஒரு வருட ஒப்பந்தம் போடாதீர்கள். அரூர்த் தங்கச்சி, உங்களுக்குத் தனியாக ஒன்று: போச்சம்பள்ளியிலேயே சந்தைப் பக்கம் ஒரு அறை பாருங்கள், சந்தை நாளில் பஸ் நெரிசலாக இருக்கும், மற்ற நாளில் உட்கார இடம் கிடைக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் வீட்டு உரிமையாளரிடம் வாடகைச் சீட்டு எழுத்தில் வாங்குங்கள். அட்வான்ஸைப் பணமாகக் கொடுக்க வேண்டாம்.

அரூர்ப் பெண்

ஐயா, நன்றி. ஆனால் எனக்கு வீடு இருக்கிறது, நான் வீடு கேட்கவில்லை. நீங்கள் கண்டக்டராக இருந்தவர், அதனால் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: ஷிஃப்ட் நேரத்தில் மொபசல் முன்னால், டவுன் பஸ் பின்னால் என்று நேரத்தை யார் போடுகிறார்கள்?