ஸ்டால்கள் காலியானால் ஆடியோ மாநாடு எதற்கு?

மைன்கரை:
ஃபிராங்க்பர்ட்டில் 1980 முதல் நடந்துவந்த மியூசிக்மெஸ்ஸே என்ற இசைக்கருவிக் கண்காட்சியை இனி நடத்தப்போவதில்லை என்று 2022ல் அறிவித்துவிட்டார்கள். ஒலி, ஒளி தொழிலுக்கான ப்ரோலைட் அண்ட் சவுண்ட் மட்டும் தொடர்கிறது. அமெரிக்காவில் அனஹைம் நகரில் நடக்கும் இசைக்கருவி, ஒலிக்கருவிக் கண்காட்சியான நேம் ஷோவுக்கு 2020 ஜனவரியில் 1,15,000 பேருக்கு மேல் வந்தார்கள். கோவிட் முடிந்து 2022 ஜூனில் நடத்தியபோது வந்தவர்கள் 46,000 சொச்சம். 2024ல் 62,000. ஏறியது, ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. நான் ஃபிராங்க்பர்ட்டில் இருப்பவன். இங்கே உள்ள கண்காட்சி ஹால்களில்தான் தொழிலையே கற்றுக்கொண்டேன். இவை நின்றுபோனால் பெரிய இழப்பு என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

வடபழனி ஸ்டுடியோ:
நான் மறுக்கிறேன். ஒலியைக் கலக்கும் கன்சோல் என்றால் லாரியில் ஏற்ற வேண்டிய பொருளாக இருந்த காலத்தில் அதைப் பார்க்க ஊர்விட்டு ஊர் போனது சரி. இன்று சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரஸர், எதிரொலி சேர்க்கும் ரீவெர்ப் எல்லாம் எனக்குப் பிளக்-இன், அதாவது கணினி மென்பொருள். இரண்டு வாரம் இலவசமாக என் கணினியில், என் பாட்டில், என் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறேன். பக்கத்து ஸ்டாலில் ஒருவர் டிரம்ஸ் வாசிக்கும் ஹாலில் நின்றுகொண்டு ரீவெர்பின் வால் எப்படி அடங்குகிறது என்று யாரால் சொல்ல முடியும்? செலவையும் பாருங்கள். ஸ்டால் வாடகை தனி, கரண்ட் தனி. அமெரிக்க ஹால்களில் லாரியிலிருந்து ஸ்டால்வரை பெட்டியைக் கொண்டுவந்து வைப்பதற்கே தனிக் கட்டணம். கடைசியில் அதெல்லாம் நாம் வாங்கும் பொருளின் விலையில்தான் ஏறுகிறது.

கோவை மைக்செட்:
சார், ஸ்பீக்கர் பிளக்-இன் ஆகாது. என் கதையைச் சொல்கிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால் யூடியூப் விமர்சனங்களை மட்டும் நம்பி ஒரு டிஜிட்டல் மிக்ஸர் வாங்கினேன். முதல் வேலை ஒரு கோவில் திருவிழா. சாயங்காலம் நாலு மணி, மேற்கு வெயில் நேராக மிக்ஸர்மேல் விழுகிறது. டச் ஸ்கிரீனில் ஒன்றுமே தெரியவில்லை. நாதஸ்வர மைக் ஊளையிடுகிறது, எந்தச் சேனல் என்று பார்க்க முடியவில்லை. தம்பி ஒருவன் குடை பிடித்தான், நான் துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டு திரைக்குள் முகத்தை விட்டுத்தான் அன்றைக்குச் சமாளித்தேன். நேரில் தொட்டுப் பார்த்திருந்தால் வாங்கியிருக்கவே மாட்டேன்.

வடபழனி ஸ்டுடியோ:
உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் அண்ணே, எந்தக் கண்காட்சி ஹாலுக்குள் வெயில் அடிக்கிறது? அங்கேயும் ஏசி, அங்கேயும் குழல்விளக்கு. அதே மிக்ஸரை அங்கே பார்த்திருந்தாலும் வாங்கித்தான் இருப்பீர்கள்.

கோவை மைக்செட்:
அது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்த மே மாதம் மும்பை கோரேகாவ்னில் பாம் எக்ஸ்போ என்ற ஒலி, ஒளிக் கண்காட்சிக்குப் போனேன். லைன் அரே, அதாவது ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிடும் ஸ்பீக்கர் வரிசை, அதன் டெமோவுக்கு வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவர் நாசிக்கில் கணபதி பந்தலுக்கு செட் போடுகிறவர். என் மிக்ஸர் பெயரைச் சொன்னதுமே, “வெயிலில் திரை தெரியாதே?” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஸ்டால்காரர் இதைச் சொல்லமாட்டார், வீடியோக்காரரும் சொல்லமாட்டார். அந்த வரிசைக்காக நான் மறுபடியும் டிக்கெட் எடுப்பேன்.

பழைய டேப்:
இந்த மாதிரிப் பேச்சில்தான் மிடியே பிறந்தது, மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசும் பொது மொழி. 1981 கோடையில் நேம் ஷோவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் கம்பெனியின் டேவ் ஸ்மித்தும் ரோலண்ட் கம்பெனியின் இகுடாரோ ககேஹாஷியும் சந்தித்துப் பேசினார்கள். ஒரு கம்பெனி கீபோர்டு இன்னொரு கம்பெனி கீபோர்டோடு பேசாத காலம் அது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் ஏஇஎஸ் என்ற ஒலிப் பொறியாளர் சங்கத்தின் நியூயார்க் மாநாட்டில் ஸ்மித் தன் யோசனையைக் கட்டுரையாக வைத்தார். 1983 ஜனவரி நேம் ஷோவில் சீக்வென்ஷியலின் ப்ராஃபட்-600 கீபோர்டையும் ரோலண்டின் ஜூபிடர்-6ஐயும் ஒரே கேபிளில் இணைத்துக் காட்டினார்கள். காப்புரிமைப் பணம் கேட்காமல் எல்லோருக்கும் கொடுத்தார்கள். இன்று நீங்கள் கணினியில் தட்டும் ஒவ்வொரு நோட்டும் அந்த வழியாகத்தான் போகிறது, தம்பி. போட்டிக் கம்பெனிகள் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததால் நடந்தது.

வடபழனி ஸ்டுடியோ:
ஐயா, மிடிக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அது 40 வருடத்துக்கு முந்தைய கதை. ஏஇஎஸ்67ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கணினி நெட்வொர்க் கேபிளில் ஒலியை அனுப்பும் முறைகள் டான்டே ஒருபக்கம், ராவென்னா ஒருபக்கம் என்று பிரிந்து கிடந்தபோது 2013ல் வந்த பொதுத் தரம். அதற்கு ஸ்டால் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு குழு உட்கார்ந்து வரைவு எழுதி முடித்தது.

மைன்கரை:
எழுதியது குழு. ஆனால் அது வேலை செய்கிறதா என்று பார்க்க 2014 அக்டோபரில் மியூனிக்கில் பல கம்பெனிகள் தங்கள் பெட்டிகளை ஒரே கட்டடத்துக்குக் கொண்டுவந்து ஒன்றோடொன்று மாட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. காகிதத்தில் இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒத்துப்போகும். கேபிளை மாட்டினால்தான் எது தள்ளிப்போகிறது என்று தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏஇஎஸ் 1948ல் தொடங்கிய சங்கம். மறு வருடமே நியூயார்க்கர் ஹோட்டலில் ஆடியோ ஃபேர் நடந்தது. அன்றிலிருந்து ஏற்பாடு ஒன்றுதான்: கீழே கம்பெனிகளின் கடை, மேலே ஆய்வுக் கட்டுரை. கடை கொடுக்கும் வாடகையில்தான் கட்டுரை வாசிக்கும் அறைக்கு விளக்கு எரிகிறது. கடை சுருங்கியதால்தான் 2018ல் நியூயார்க் மாநாடு ஒலிபரப்புத் துறையின் என்ஏபி ஷோவோடு ஒட்டிக்கொண்டு ஜாவிட்ஸ் மையத்தில் நடந்தது என்று நினைக்கிறேன். 2025ல் நியூயார்க்கையே விட்டு கலிபோர்னியாவின் லாங் பீச் போய்விட்டது. கண்காட்சி என்ற முறையே செத்துவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2004ல் ஜெனீவாவில் சின்னதாகத் தொடங்கிய ஐஎஸ்இ என்ற ஒலி, ஒளி அமைப்புக் கண்காட்சிக்கு 2025ல் பார்சிலோனாவில் 85,000 பேர் வந்தார்கள்.

வடபழனி ஸ்டுடியோ:
ஐஎஸ்இயை நீங்களே எடுத்தது நல்லது. அங்கே கூட்டம் எதற்கு வருகிறது? மீட்டிங் ரூம், பெரிய எல்இடி திரை, வகுப்பறை, விமான நிலைய அறிவிப்பு. ஸ்பீக்கர் என்றால் பெரும்பாலும் சீலிங்கில் பதிப்பது. கார்ப்பரேட் பணம் இருக்கும் இடத்துக்குக் கம்பெனிகள் போய்விட்டன. பாட்டுப் பதிவு செய்கிறவனை யாரும் துரத்தி வரவில்லை, ஏனென்றால் எங்கள் கையில் காசு இல்லை. அதனால்தான் கேட்கிறேன்: காசுக்காரர் பின்னால் ஓடும் கடைகளை விட்டுவிட்டு, கட்டுரையையும் கேட்டுப் பழகும் அறையையும் மட்டும் சிறியதாக நடத்தினால் என்ன? கல்லூரி ஆடிட்டோரியம் போதும். நூறு பேர், நல்ல அறை, ஒரு ஜோடி நல்ல மானிட்டர் ஸ்பீக்கர்.

பழைய டேப்:
அதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு சந்தேகம் மட்டும். கடை இல்லையென்றால் நுழைவுக் கட்டணம் ஏறும். இன்று கண்காட்சி ஹாலுக்கு மட்டும் சலுகைப் பாஸ் வாங்கி மாணவன் உள்ளே வந்துவிடுகிறான். நூறு பேர் கூட்டத்தில் அவனுக்கு இடம் இருக்குமா? யார் தருவது அந்தப் பணத்தை?

வடபழனி ஸ்டுடியோ:
அதற்கு என்னிடம் பதில் இல்லை ஐயா. யோசிக்கிறேன்.

கோவை மைக்செட்:
யோசியுங்கள் சார். அதற்குள் மே மாதம் வந்துவிடும். நானும் தம்பிகள் இரண்டு பேரும் மும்பை ரயிலுக்கு டிக்கெட் போடப்போகிறோம். நீங்கள் வந்தால் உங்களுக்கும் சேர்த்துப் போடுகிறேன். அந்த டெமோ வரிசையில் ஒருமுறை நின்று பாருங்கள். உங்கள் காது எனக்கும் உதவும், 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே எனக்கு இப்போது சரியாகக் கேட்பதில்லை.

வடபழனி ஸ்டுடியோ:
போடுங்கள் அண்ணே. லோயர் பெர்த் கிடைத்தால் நல்லது, முதுகுவலி.