சாதா பச்சைக்காலியா, நார்ட்மன் பச்சைக்காலியா?

அலையோரம்:
கூட்டத்துல நின்ன பச்சைக்காலிகள்ல (கரையோரம் மேயுற பறவைங்க, Greenshank) ஒண்ணு மட்டும் உறுத்துது. மத்ததெல்லாம் நெடுநெடுன்னு நிக்குது, இது மட்டும் குட்டைக்கால், கட்டைக் கழுத்து, தலை பெருசு, அலகு அடியில மஞ்சள் நுனியில கருப்பு, லேசா மேல வளைஞ்சிருக்கு. காலும் மஞ்சளாத்தான் தெரியுது. அபூர்வ வகையான நார்ட்மனா இருக்குமோன்னு ஒரு ஆசை, ஆனா வெயில் சாயுற நேரத்து போட்டோ, கலரை நம்ப பயமா இருக்கு. வேற எதைப் பாக்கணும்?

சேத்துக்கால்:
கலரை கடைசில வைங்க. சாயங்கால வெயில்ல எல்லாத்துக்கும் மஞ்சக்கால்தான், போதாததுக்கு சாதாலயே மஞ்சக்கால் உள்ளது அப்பப்ப வரும். முட்டிக்கு மேல, இறகு முடியுற இடம் வரைக்கும் வெறுங்கால் எவ்ளோ தெரியுதுன்னு பாருங்க. நார்ட்மன்ல அது ரொம்பக் கம்மி, அதனாலதான் உடம்பு தரையோட ஒட்டின மாதிரி நிக்கும். சேத்துல பாதம் புதைஞ்சிருந்தாலும் இந்த அளவு மாறாது பாருங்க, அதான் வசதி. அலகும் அடியில நல்லா தடிமனா இருக்கணும்.

கத்துக்குட்டி:
இன்னொரு கரைப்பறவையான டெரெக் உள்ளானா இருக்கக்கூடாதா? அதுக்கும் குட்டைக்கால், அலகு மேல வளைஞ்சுதானே இருக்கும்.

சேத்துக்கால்:
சைஸ் இடிக்குது. டெரெக் 22-25 செ.மீ. தான், நார்ட்மன் 30 செ.மீ. பக்கம் வரும். பச்சைக்காலி பக்கத்துல டெரெக் நின்னா பொடிசா தெரிஞ்சிருக்கும்.

றெக்கை:
பறக்குற ஷாட் இருந்தா போடுங்க, பாதி சண்டை முடிஞ்சிடும். றெக்கைக்கு அடிப்பக்கம் நார்ட்மன்ல அக்குள் வரைக்கும் சுத்த வெள்ளை, சாதால சாம்பல் கோடு ஓடும். சாதாக்கு கால்விரல் வாலைத் தாண்டி நல்லா நீட்டிட்டு இருக்கும், நார்ட்மனுக்கு நுனி எட்டிப் பாத்தாலே பெருசு. முதுகுல இருக்கிற வெள்ளைப் பட்டையை வச்சு ஏமாறாதீங்க, அது ரெண்டுக்கும் உண்டு. சத்தம் கேட்டுச்சா? கணீர்னு மூணு தடவை டியூ-டியூ-டியூன்னா அது சாதா.

அலையோரம்:
சத்தம் கேக்கல. பறக்குறது ஒரே ஒரு ஷாட், கொஞ்சம் கலங்கல்தான், ஆனா அடிப்பக்கம் வெள்ளையா இருக்கு, விரல் வெளிய நீட்டவே இல்ல!!

றெக்கை:
அட, அப்ப நார்ட்மன் பக்கம்தான் சாயுது. ரஷ்யால ஒக்கோட்ஸ்க் கடல் பக்கம் மரத்து மேல கூடு கட்டுற பறவைங்க அது, கரைப்பறவைக்கு அதுவே அதிசயம். அழியுற நிலைல இருக்கிறதால பதிவைச் சரிபாக்குறவங்க சும்மா ஒத்துக்க மாட்டாங்க, க்ராப் பண்ணாத ஒரிஜினல் வேணும். வெளிச்சம் ஜாஸ்தியானா சாம்பலும் வெள்ளையா வெளுத்துடும், அதே ஃபிரேம்ல கூட பறந்த சாதா ஏதாவது மாட்டியிருக்கா?