ஐந்து வண்டிக்குத்தான் அனுமதி, நிற்பது எட்டு. யாரிடம் சொல்வது?

புல்வெளி கேட்டது:

இங்கிலாந்தில் டெவன் பக்கம் ஒரு பண்ணையை ஒட்டிய சின்ன கேரவன் (காரில் இழுத்துவந்து உள்ளே தங்கும் வண்டி) சைட்டுக்குச் சில வருடங்களாகக் குடும்பத்தோடு போய்வருகிறோம். கேரவன்காரர்களின் கிளப் ஒன்று சான்றிதழ் கொடுத்த இடம், அதன் உறுப்பினர்களுக்கு மட்டும், ஒரே நேரத்தில் ஐந்து வண்டிதான் நிற்கலாம். பெரிய சைட்டின் கூட்டமும் சத்தமும் வேண்டாம் என்றுதான் இந்த மாதிரி இடத்தைத் தேடிப் போகிறோம். இந்த முறை மே மாதக் கடைசி பேங்க் ஹாலிடே பொது விடுமுறைக்குப் போனால் எட்டு வண்டி நிற்கிறது, ஆறு டூரிங் கேரவன், இரண்டு மோட்டார்ஹோம் (தானே ஓடும் வீட்டுவண்டி). எங்கள் ஆனிங்குக்கு (வண்டியோடு சேர்த்துக் கட்டும் பந்தல்) அடித்த முளையிலிருந்து பக்கத்து வண்டியின் கேஸ் சிலிண்டர் கை எட்டும் தூரம். ஒரே மின் இணைப்பிலிருந்து இரண்டு வண்டிக்கு வயர் இழுத்திருந்தார்கள், அதுவும் ஈரப் புல்லின் மேல். தண்ணீர்க் குழாய் ஒன்று, கெமிக்கல் டாய்லெட் கழிவைக் கொட்டும் இடமும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பக்கமே போக முடியவில்லை.

உரிமையாளரிடம் கேட்டேன். "ஐந்து கிளப் கணக்கு, மூன்று பண்ணைக் கணக்கு, மொத்தம் எட்டு, எல்லாம் சட்டப்படிதான்" என்றார். அப்படி ஒரு கணக்கு உண்மையிலேயே இருக்கிறதா? நல்ல மனிதர்கள், அவர்கள் சான்றிதழ் போவதற்கு நான் காரணமாக இருக்க மனமில்லை. ஆனால் பிள்ளைகள் தூங்கும் இடம், சும்மா விடவும் முடியவில்லை.

நெடுஞ்சாலை எழுதியது:

அந்தக் கணக்கு செல்லாது, ஆனால் அவர் எங்கிருந்து எடுத்தார் என்று தெரிகிறது. கேரவன் சைட் நடத்த லைசன்ஸ் வேண்டும் என்று சொல்வது 1960-ம் ஆண்டுச் சட்டம், அதன் முதல் அட்டவணையில்தான் லைசன்ஸ் தேவைப்படாத சந்தர்ப்பங்கள் வருகின்றன. 5-ம் பத்தி, விலக்கு பெற்ற அமைப்பு ஒன்று (கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப், கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப் போன்றவை) ஒரு நிலத்துக்குச் சான்றிதழ் கொடுத்தால் அங்கே அதன் உறுப்பினர்களின் வண்டிகள் ஐந்து வரை நிற்கலாம் என்கிறது. சான்றிதழும் அதிகபட்சம் ஒரு வருடத்துக்குத்தான், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். 3-ம் பத்தி வேறு விஷயம். ஐந்து ஏக்கருக்குக் குறையாத நிலமாக இருந்தால், 12 மாதத்தில் 28 நாளுக்கு மேல் போகாமல், ஒரே சமயத்தில் மூன்று கேரவன் வரை நிறுத்தலாம். இவர் இரண்டையும் கூட்டி எட்டு என்கிறார்.

ஆனால் 3-ம் பத்தியை முழுதாகப் படித்தால் அந்த 28 நாளும் மூன்று வண்டியும் மொத்த நிலத்துக்கான கணக்கு, அவர் கையில் இருக்கும் பக்கத்து நிலமும் அதில் சேரும். கிளப் வண்டி ஐந்து நின்ற நாளிலேயே மூன்று என்ற வரம்பு தாண்டிவிடுகிறது, சீசன் தொடங்கிச் சில வாரத்தில் 28 நாளும் தீர்ந்துவிடும். அந்த நிலத்தில் இரண்டு விலக்கையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க முடியாது.

ஆறாவது வண்டி வந்தால் ஏதோ ஒரு வண்டிக்கு மட்டும்தான் பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பிளானிங் பெர்மிஷன் (நிலத்தை இப்படிப் பயன்படுத்த உள்ளூர் கவுன்சில் தரும் அனுமதி) கேட்காமல் அந்த வயலில் கேரவன் நிற்க முடிவதே இந்த விலக்கை நம்பித்தான். நிபந்தனை உடைந்தால் பிளானிங் பாதுகாப்பும் சேர்ந்து போகிறது, லைசன்ஸ் இல்லாமல் சைட் நடத்தினால் அது குற்றம், அபராதம் உண்டு. இதை அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னால் காது கொடுப்பார் என்றுதான் நினைக்கிறேன். மசியவில்லை என்றால் கிளப்பில் இந்தச் சின்ன சைட்டுகளைக் கவனிக்கும் பிரிவுக்கு எழுதுங்கள். எடுத்த எடுப்பில் கவுன்சிலுக்குப் போக வேண்டாம்.

மேய்ச்சல் எழுதியது:

நான் கொஞ்சம் அந்தப் பக்கம் நின்று பேசுகிறேன். பண்ணை வருமானத்தில் மட்டும் ஓட முடியாமல்தான் பலர் இந்த ஐந்து வண்டியை ஏற்கிறார்கள். பேங்க் ஹாலிடேக்கு மூன்று பேர் போன் போட்டுக் கெஞ்சினால் இல்லை என்று சொல்வது சுலபமில்லை. கூடுதல் இடம் வேண்டுமென்றால் முறையாகப் பிளானிங் பெர்மிஷன் வாங்கி லைசன்ஸ் எடுக்கலாம், சிலர் எடுத்தும் இருக்கிறார்கள். ஆகவே எட்டு வண்டியைப் பார்த்த உடனே திருட்டுத்தனம் என்று முடிவு கட்டாதீர்கள். உங்களுக்கு அவர் சொன்ன பதிலைப் பார்த்தால் அப்படி எதுவும் வாங்கியதாகத் தெரியவில்லை, அது வேறு. ஈரப் புல்லில் வயர் இழுத்ததற்கு என்னிடமும் சமாதானம் இல்லை. அதை அன்றைக்கே கழற்றச் சொல்லியிருக்க வேண்டும்.

வேலிக்கு இந்தப் பக்கம் எழுதியது:

இப்படி ஒரு சைட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிறேன். போகிறவர்கள் இரண்டு நாள் அசௌகரியப்பட்டுத் திரும்பிவிடுகிறீர்கள், எங்களுக்கு ஈஸ்டரிலிருந்து அக்டோபர் வரை இதே கதை. ஒரு வண்டி மட்டும் போகும் சந்து, இரண்டு பக்கமும் உயரமான புதர்வேலி, ஒதுங்க ஒரே ஒரு இடம். கேரவனை இழுத்துக்கொண்டு பின்னோக்கி வரத் தெரியாத ஒருவர் எதிரே வந்தால் ஆம்புலன்ஸ் கூட நிற்க வேண்டியதுதான். ஐந்து என்று தெரிந்ததால்தான் ஊரில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஐந்தை எட்டாக்கியபோது எங்களை யாரும் கேட்கவில்லை.

கவுன்சிலை ஏன் தவிர்க்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. இங்கிலாந்தில் இப்படி ஒரு பயன்பாடு நடவடிக்கை இல்லாமல் பத்து வருடம் தொடர்ந்துவிட்டால் பிளானிங் ரீதியாக அப்புறம் தொட முடியாது. தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன்.

புல்வெளி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நெடுஞ்சாலை, ஒரு சந்தேகம். 60 நாள் விதி என்று ஒன்று வந்திருக்கிறதே, அந்த இரண்டு மோட்டார்ஹோமும் அதில் அடங்காதா?

நெடுஞ்சாலை எழுதியது:

நல்ல கேள்வி. 2023 ஜூலை 26 முதல் இங்கிலாந்தில், பிளானிங் பெர்மிஷன் கேட்காமலே இடம் கொடுக்கும் அந்த உரிமை இருக்கிறது. வருடத்தில் 60 நாள், 50 பிட்ச் (ஒரு வண்டியோ கூடாரமோ நிற்கும் இடம்) வரை, கூடாரங்களுக்கும் கேம்பர்வேன், மோட்டார்ஹோமுக்கும். இழுத்துவரும் கேரவனுக்குக் கிடையாது, ஆக உங்கள் ஆறாவது கேரவனை இது காப்பாற்றாது. ஒவ்வொரு வருடமும் தொடங்குவதற்கு முன்பே தேதிகளையும், கழிப்பறையும் கழிவுநீர் வசதியும் எங்கே என்று காட்டும் வரைபடத்தையும் கவுன்சிலுக்கு எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். இன்னொன்று, இது பிளானிங் தொடர்பானது மட்டும். 1960 சட்டத்தின்படி மனிதர் தங்குவதற்காக அமைத்த மோட்டார் வண்டியும் கேரவன்தான், லைசன்ஸ் கேள்வி அப்படியே நிற்கிறது. கவுன்சிலுக்குத் தகவல் கொடுத்தாரா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

வண்டிகளுக்கு இடையே 6 மீட்டர் இருக்க வேண்டும் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். தீ பரவாமல் இருப்பதற்காக வைத்த இடைவெளி அது, எண்ணிக்கை பற்றி என்ன வாதம் செய்தாலும் அதில் மாற்றம் இல்லை.

புல்வெளி எழுதியது:

சரி, இந்த வாரமே போனில் பேசுகிறேன். வயரையும் இடைவெளியையும் முதலில் எடுக்கிறேன், அப்புறம் அந்த 3-ம் பத்தி. ஆகஸ்ட் பேங்க் ஹாலிடேக்கும் அங்கேதான் புக் பண்ணியிருக்கிறோம். அன்றும் ஆறாவது வண்டி நின்றால் கிளப்புக்கு எழுதிவிடுவேன், எழுதப் போகிறேன் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லியும்விடுவேன்.