குரலைக் கேட்டால் போதுமா, தலையை எண்ண வேண்டாமா?

கிராணி மகன்:
சுங்கை சிப்புட் நண்பர்களின் கவனத்திற்கு. நேற்றிரவு செம்பனைக்காரர் இங்கே எழுதியதைப் படித்த பிறகு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. 2020-இல் வந்தது, தேர்தலே இல்லாமல் உறுப்பினர்கள் அணி மாறி அமைத்த கொல்லைப்புற ஆட்சியாம். இன்றைய மலேசியப் பிரதமர் அன்வார் இப்ராஹிமோ 2022 டிசம்பர் 19-ஆம் தேதி மக்களவையில், தம் மீதான நம்பிக்கைத் தீர்மானத்தில், தம் பெரும்பான்மையை "எண்ணிக் காட்டிவிட்டாராம்". எங்கே எண்ணினார்கள்? அன்று நடந்தது குரல் வாக்கெடுப்பு. ஆதரித்தவர்கள் குரல் கொடுத்தார்கள், தீர்மானம் நிறைவேறியது என்று சபாநாயகர் அறிவித்தார், அவ்வளவுதான். என் தந்தையார் ரப்பர் தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கர்; ஸ்டோரில் தொழிலாளர் கொண்டுவரும் ரப்பர் பாலை நிறுத்தவர். தராசில் ஏறாத வாளிக்கு அவர் ஒரு நாளும் கணக்கு எழுதியதில்லை.

செம்பனைக்காரன்:
ஐயா, உங்கள் உறக்கத்தைக் கெடுத்ததற்கு வருந்துகிறேன். நவம்பர் 19 பொதுத்தேர்தலில் 222 இடங்களில் பெரும்பான்மைக்குத் தேவையான 112-ஐ எந்தக் கூட்டணியும் தொடவில்லை என்பதும், பக்காத்தான் ஹரப்பான் அணியின் 82-உடன் தேசிய முன்னணியின் 30 சேர்ந்தாலே சரியாக 112 வந்துவிடும் என்பதும், அதற்கு மேல் சரவாக் கட்சிகள் கூட்டணியின் 23 பேரும் வந்து நின்றார்கள் என்பதும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கூட்டத் தெரிந்தவருக்குத் தராசு எதற்கு?

கிராணி மகன்:
கூட்டுவது வேறு, எண்ணுவது வேறு. காலையில் எத்தனை மரம் சீவினாய் என்று கேட்டு அதை வைத்தே பால் கணக்கு எழுதிவிட முடியுமா? நீங்கள் எழுதிய சொல் "எண்ணிக் காட்டினார்" என்பது. எண்ணவில்லை.

ஆயக்கொட்டகை அக்கா:
இருவரும் எதைப் பெரும்பான்மை என்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 43-ஆவது விதி, மக்களவையில் பெரும்பான்மையோரின் நம்பிக்கையைப் பெற்றிருக்கக் கூடியவர் என்று மாமன்னர் கருதுகிற உறுப்பினரைப் பிரதமராக நியமிக்கச் சொல்கிறது. அதிக இடம் வென்ற கட்சியின் தலைவரை நியமிக்கச் சொல்லவில்லை. 2021-இல் பிரதமரான இஸ்மாயில் சப்ரி, அம்னோவில் உதவித் தலைவர்களில் ஒருவர் மட்டுமே. நம் தொகுதியில் 2008-இல் தோற்ற சாமிவேலு, 2010 வரை ம.இ.கா. என்னும் மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியின் தலைவராகவே இருந்தார். கட்சித் தலைமை ஒன்று, ஆட்சித் தலைமை இன்னொன்று.

கிராணி மகன்:
அக்கா சொல்வதெல்லாம் சரி, ஆனால் நான் கேட்டது அதுவன்று. டிசம்பர் 19 அன்று தலைகளை எண்ணினார்களா, இல்லையா?

செம்பனைக்காரன்:
எண்ணச் சொல்லி 15 உறுப்பினர்கள் எழுந்து நின்றிருந்தால் எண்ணித்தான் இருப்பார்கள். எதிரணியில் பெரிக்காத்தான் நேஷனலுக்கு மட்டும் 74 பேர். அந்த 74 பேரில் 15 பேருக்குக் காலில் வலுவில்லை என்றால் அதற்குப் பிரதமரா பொறுப்பு? வாளியைத் தராசுக்குக் கொண்டுவராதவனுக்கு எடையைப் பற்றிக் கேட்க வாயில்லை.

கிராணி மகன்:
ஆகவே எண்ணவில்லை என்று ஒப்புக்கொள்கிறீர்கள். இன்னொன்றும் கேளுங்கள். நீங்கள் கொல்லைப்புறம் என்று ஏசுகிற முகைதீன் யாசின் ஆட்சியில், 2020 ஜூலை 13 அன்று சபாநாயகரை நீக்கும் தீர்மானத்துக்குத் தலையை எண்ணினார்கள்: ஆதரவு 111, எதிர்ப்பு 109. இரண்டே வாக்கு வித்தியாசம் என்றாலும் எண்ணிய கணக்கு.

செம்பனைக்காரன்:
அது சபாநாயகரைப் பற்றிய வாக்கெடுப்பு. பிரதமர் மீதான நம்பிக்கையைப் பற்றியதன்று. அதே ஆண்டு மே 18-ஆம் தேதி கூட்டத்தில் மாமன்னரின் உரையோடு அவையை முடித்துக்கொண்டு, நம்பிக்கைத் தீர்மானத்துக்கே வழியில்லாமல் செய்தவர்கள் யார் என்பதையும் உங்கள் தராசில் ஏற்றிப் பாருங்கள். மேலும் எண்ணித்தான் தீர வேண்டும் என்பதே தவறு. 2009-இல் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் விலகி நம் பேராக் மாநிலத்தில் நிஜார் ஜமாலுடின் ஆட்சி கவிழ்ந்த வழக்கில், பெரும்பான்மை இழந்ததை அவை வாக்கெடுப்பின்றி வேறு வழிகளிலும் அறியலாம் என்று 2010-இல் கூட்டரசு நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

கிராணி மகன்:
அந்தத் தீர்ப்பு வந்த நாளில், பேருந்து நிலையத்துக் கடையில், "அவையில் எண்ணாமல் ஆட்சியை எப்படி மாற்றலாம்" என்று மேசையைத் தட்டியவர் யார்? நீங்கள் தட்டிய வேகத்தில் என் தே தாரிக் சிந்திச் சட்டையெல்லாம் கறையானது. அப்போது கசந்த தீர்ப்பு இப்போது இனிக்கிறதோ?

ஒட்டுப்பால்:
கிராணி வீட்டுப் பிள்ளை தராசைப் பற்றிப் பேசுவதைக் கேட்கச் சிரிப்பு வருகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து நிரை பிடித்து மரம் சீவிய என் தாயாரின் வாளியில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று எடையைக் கழித்ததும் இதே ஸ்டோர்தான். தராசு இருந்தது ஐயா, முள் யார் பக்கம் சாய்ந்தது என்பதுதான் கேள்வி.

கிராணி மகன்:
என் தந்தையாரை இழுக்க வேண்டாம். கழிவு போடச் சொன்னது தோட்ட நிர்வாகியான துரை. எழுதியது மட்டும்தான் கிராணி. தம்பி பேச்சை மாற்றுகிறார். டிசம்பர் 19 அன்று எண்ணவில்லை.

ஆயக்கொட்டகை அக்கா:
43-ஆவது விதியை யாராவது படித்தீர்களா?

ஒட்டுப்பால்:
படிப்பது பிறகு இருக்கட்டும் அக்கா. சென்ற ஆண்டு நம் கோவில் நிர்வாகக் கூட்டத்தில், கையைத் தூக்கச் சொல்லாமல், "எல்லோருக்கும் சம்மதம்தானே" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு தலைவர் நாற்காலியில் அமர்ந்தவர் இந்தக் கிராணி மகன்தான். அங்கே எந்தத் தலையை எண்ணினார்?

கிராணி மகன்:
கோவில் கூட்டமும் நாடாளுமன்றமும் ஒன்றா? அன்று அங்கே இருந்தவர்கள் 43 பேர், அத்தனை பேரும் சம்மதம் என்றார்கள்.

செம்பனைக்காரன்:
யாரும் எண்ணாமல் 43 என்று எப்படித் தெரிந்தது?

கிராணி மகன்:
வாடகைக்கு வந்த நாற்காலிகள் 60; பிரிக்காமல் மூலையில் அடுக்கிக் கிடந்தவை 17. கழித்துப் பாருங்கள். டிசம்பர் 19 அன்று எண்ணவில்லை என்பதற்கு இன்னும் எனக்குப் பதில் வரவில்லை.

ஒட்டுப்பால்:
நான் நின்றுகொண்டிருந்தேன் ஐயா.